முதற்பல் முளைத்த நாளிலிருந்து

(மட்டக்களப்பில் தாய்மாரும் முன்பள்ளி ஆசிரியைகளும் கூடிய அவையொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குழந்தைகளின் பாற்பற்களைப் பற்றிப் பேசுவதற்கென்று ஒரு சபை கூட்டவேண்டுமா என்று உங்களிற் சிலர் மனத்துக்குள் வினவியிருக்கக்கூடும். அவ்வினா எழுவதற்குக் காரணமாகிய எண்ணத்தைப் பற்றியே முதலிற் பேச விரும்புகிறேன். பிள்ளையின் மேல்வாய் முன்பற்கள் கரைந்து கறுத்துப்போயிருப்பதைக் காட்டி, இது எப்பொழுது தொடங்கியது என்று பல் வைத்தியர்களாகிய நாங்கள் கேட்கும்போதெல்லாம், "அது விழுந்து முளைக்கிற பல்லுத்தானே, டொக்டர்" என்ற மறுமொழி, படித்தவர் படியாதவர் என்றோ, இந்து கிறிஸ்தவர் இஸ்லாமியர் என்றோ பேதமின்றி எல்லாரிடமிருந்தும் வருகிறது. அவ்வாறு சொல்லுகிற தாய், தன் பிள்ளைக்குச் சிறு காய்ச்சல் கண்டாலும் இராமுழுதும் கண்விழித்துக் காப்பவள். அலட்சியம் அவளுடைய சுபாவம் அன்று. பாற்பல்லுக்குப் பெறுமதியில்லை என்று அவளுக்கு அவளுடைய தாய் சொல்லிவைத்தாள். அந்தத் தாய்க்கு அவளைப் பெற்றவள் சொல்லிவைத்தாள். இலங்கையில் 2015, 2016ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த தேசிய வாய்ச் சுகாதார ஆய்வு, ஐந்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 60 பேருக்கு மேற்பட்டோர் சூத்தைப்பல் உடையவர்கள் என்று கண்டது. தடுப்பூசியிலும் மகப்பேற்றுப் பராமரிப்பிலும் செல்வந்த தேசங்களின் வரிசையில் வைத்துப் பேசத்தக்க கீர்த்தியுடைய இந்நாட்டிலே, பாடசாலை வாயிலை மிதிக்குமுன்னரே ஐவரில் மூவர் பல் கெட்டவராகின்றனர் என்றால், பாற்பல்லைப் பற்றி நாம் தலைமுறை தலைமுறையாகக் கொண்டிருக்கும் அந்த அபிப்பிராயத்தையே முதலிற் பரிசோதித்தல் வேண்டும்.

பாற்பற்கள் இருபது. தாயின் கருவிலே நான்காம் மாத அளவிலேயே அவற்றிற் சுண்ணச்சத்துப் படியத் தொடங்கிவிடுகிறது. பிறந்து ஏறத்தாழ ஆறாம் மாதத்திற் கீழ்வாய் முன்பற்கள் வெளிவருகின்றன; இரண்டரை மூன்று வயதுக்குள் இருபதும் நிறைகின்றன. முன்பற்கள் ஆறு ஏழு வயதில் விழுவது மெய்யே. ஆனால் உணவை அரைக்கும் கடைவாய்ப் பாற்பற்கள் பத்து வயது, பன்னிரண்டு வயது வரையில் வாயிலிருந்து வேலை செய்யவேண்டியவை. ஆகவே மூன்று வயதில் ஒரு கடைவாய்ப்பல் பழுதுபடுமாயின், அப்பிள்ளை இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் அந்தப் பழுதோடு சோறு மெல்லவும் உறங்கவும் பாடம் படிக்கவும் வேண்டியிருக்கிறது. இன்னொன்றையும் கருதுங்கள். வயலில் வரம்பு தன் இடத்தில் நின்றாலல்லவா இப்பக்கத்து நீர் இப்பக்கமும் அப்பக்கத்து நீர் அப்பக்கமும் நிற்கும். அதுபோலப் பாற்பல்லும் பின்னே வரப்போகும் நிலைப்பல்லுக்குரிய இடத்தைக் காத்து நிற்கிறது. அது காலத்துக்கு முன்னே அகற்றப்பட்டால் அயற்பற்கள் சாய்ந்து நெருங்கி, உரியது வரும்போது வழியின்றிக் கோணி முளைக்கிறது. சூத்தை வேர்வரை இறங்கிச் சீழ் பிடித்தாலோ, கன்னம் வீங்கிக் காய்ச்சல் காய்வதோடு, எலும்பினுள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லின் அரும்புக்கும் சேதம் நேரலாம். நிறை ஏறாத பிள்ளை, இரவில் வீறிட்டு அழும் பிள்ளை, ஒரு பக்கத்தால் மட்டும் மெல்லும் பிள்ளை, "வாய்க்கு ஒண்டும் பிடிக்குதில்ல" என்று தாய் குறைப்படும் பிள்ளை, இவர்களிற் பலருடைய உதட்டை விலக்கிப் பார்த்தால் காரணம் அங்கேயே பிரத்தியட்சமாக இருக்கும்.

பல்லைப் புழு அரிக்கிறது என்பது நம் முன்னோர் மாத்திரமன்றிப் பாபிலோனியரும் கொண்டிருந்த புராதன நம்பிக்கை. உண்மையில் நிகழ்வது யாது என்பதை, பெர்லின் நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மில்லர் என்னும் அமெரிக்கர் 1890இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். வாயிலுள்ள நுண்கிருமிகள் நாம் உண்ணும் சீனியையும் மாச்சத்தையும் தாமும் உண்டு, அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் மேலோடாகிய மிளிரியிலிருந்து சுண்ணச்சத்தைக் கரைக்கிறது. அக்கிருமிகளுட் பிரதானமான ஒன்றை 1924இல் லண்டனில் கிளார்க் என்பவர் இனங்கண்டார். 1940களில் ஸ்டெபன் என்னும் ஆராய்ச்சியாளர், சீனிநீர் பட்ட சில நிமிஷங்களுக்குள்ளேயே பல்லின்மேற் படிந்துள்ள படலம் புளிப்பேறுவதையும், உமிழ்நீர் அதனைத் தணித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆவதையும் அளந்து காட்டினார். உமிழ்நீர் பல்லினின்றும் கரைந்ததைத் திரும்பப் பல்லுக்கே கொடுக்கும் வல்லமையுடையது. ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். ஒரு பிள்ளை காலையில் ஒரு தடவை இனிப்புத் தின்றால் உமிழ்நீர் அதன் சேதத்தைச் சரிசெய்துவிடும். அதே அளவு இனிப்பைப் பத்துத் தடவையாகப் பகிர்ந்து நாள்முழுதும் சப்பிக்கொண்டிருந்தால், ஒரு சேதம் ஆறுமுன் மற்றது தொடங்கி, நாளடைவிற் குழி விழுகிறது.

எவ்வளவு தின்றார்கள் என்பதினும் எத்தனை தடவை தின்றார்கள் என்பதே முக்கியம் என்ற இவ்வுண்மையை உலகம் தெளிவாக அறிந்தது, சுவீடன் தேசத்து விப்பெஹோல்ம் என்னும் விடுதியில் 1940களின் பிற்பகுதியில் நடந்த பரிசோதனையினால். அங்கே வாழ்ந்தவர்கள் மனவளர்ச்சி குன்றியவர்கள். தங்களுக்கு ஒட்டுந்தன்மையுள்ள மிட்டாய்களை வேண்டுமென்றே இடைவிடாது கொடுத்துப் பற்களைக் கெடவிடுகிறார்கள் என்பதை அறியவும் மறுக்கவும் இயலாதவர்கள். அந்தப் பரிசோதனையை நான் அறமென்று கொள்ளமாட்டேன். அதைப்பற்றிப் பேசும் ஒவ்வொரு தடவையும் அவர்களை நினையாமற் பேசுவதும் முறையன்று. சாப்பாட்டோடு சேர்த்து இனிப்பு உண்டவர்களுக்குச் சேதம் சொற்பமாகவும், சாப்பாட்டுக்கு இடையிடையே ஒட்டும் மிட்டாய் தின்றவர்களுக்கு அதிகமாகவும் நேர்ந்தது என்ற முடிவு அவர்களுடைய பற்களை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டது. அதனை அறிந்தும் நாம் நம் பிள்ளைகளின் விஷயத்தில் உபயோகியாமல் விட்டால் அதனினும் பெரிய அநியாயம் வேறில்லை.

இனி நமது வீடுகளுக்கு வருவோம். மட்டக்களப்பிலே வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்கு வீடு கொடுத்துத் தாயும் அருகிலேயே வாழ்வது இப்பிரதேசத்து மரபு. தாய் வயலுக்கோ வேலைக்கோ போகும்போதும், கடல் கடந்து மத்திய கிழக்கிலே யாரோ ஒருவருடைய குழந்தைகளைப் பராமரிக்கப் போகும்போதும், இங்கே பிள்ளையை மடியில் ஏந்துபவள் அம்மம்மா. அவளுடைய பாசத்துக்கு அளவுண்டோ? பிள்ளை அழுதால் அவளுக்குப் பொறுக்காது. பால்மாவைக் கரைத்து, அதிலே இரண்டு கரண்டி சீனியும் இட்டு, சூப்பிப் போத்தலை வாயில் வைத்துப் படுக்கவிடுகிறாள். பிள்ளை உறங்கிவிடுகிறது, போத்தல் வாயிலேயே இருக்கிறது. உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது மிகக் குறைந்துவிடும் என்பதும், இனித்த பால் மேல்வாய் முன்பற்களைச் சூழ்ந்து விடியும்வரை தேங்கி நிற்கும் என்பதும் அவளுக்கு யாரும் சொல்லாதவை. கீழ்ப்பற்களை நாக்குப் போர்த்திக்கொண்டிருப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. மேற்பற்கள் நான்கும் ஒன்றாக அழிகின்றன. இந்தக் கோலத்தை எங்கே கண்டாலும் அது இராப்போத்தலின் வேலை என்று ஐயுற இடமுண்டு.

போத்தலில் இருப்பது சீனி கரைத்த தேத்தண்ணீரானாலும், பழச்சாறானாலும், பெட்டியில் அடைத்து விற்கும் இனிப்புப் பானமானாலும் விளைவு ஒன்றே. அழுகையை அமர்த்தச் சூப்பியில் தேன் தடவிக் கொடுப்பதும் அவ்வாறானதே. தேன்நாடு என்று பெயர்பெற்ற இவ்வூரிலே தேனைப் பற்றி இவ்வாறு சொல்வதற்கு எனக்கும் வருத்தமே. கித்துள் பாணியும் சர்க்கரையும் கற்கண்டும் சீனியைக் காட்டிலும் தூயவை என்று நாம் எண்ணினாலும், பல்லின்மேல் வாழும் கிருமிக்கு அந்தத் தாரதம்மியம் தெரியாது. அன்றியும் ஒரு வயதுக்குட்பட்ட சிசுவுக்குத் தேன் கொடுப்பது வேறொரு கொடிய நோய்க்கும் இடமாகலாம் என்று வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள். இருமலுக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கும் பாணி மருந்துகளிலும் சீனி உண்டு. அவற்றைப் படுக்குமுன் கொடுக்கவேண்டி வந்தால், பின்னர் ஈரத்துணியால் வாயைத் துடைத்து, ஒரு வாய் தண்ணீர் பருகக் கொடுங்கள்.

இவ்விடத்தில் ஒரு தப்பபிப்பிராயத்தை விலக்கிவிட வேண்டும். நான் சொல்லியவற்றைக் கேட்டு எந்தத் தாயும் தாய்ப்பாலை நிறுத்திவிடக்கூடாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மாத்திரமும், அதன்பின் ஏனைய உணவுகளோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பாலும் கொடுக்கவேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வார்த்தை. பல்லின் பொருட்டு அந்த வார்த்தை மாறவில்லை. பல் முளைத்தபின் பிள்ளையை மார்பிலேயே உறங்கவிட்டு இராமுழுதும் அவ்வாறே வைத்திருக்கும் பழக்கத்தை மெல்ல மெல்லக் குறைத்து, படுக்குமுன் பற்களைச் சுத்தம் செய்துவிட்டாற் போதும். சூப்பிப் போத்தலையோ முதற் பிறந்தநாளளவில் விட்டு, கோப்பையிற் பருகப் பழக்குவதே உத்தமம். இரவில் ஏதேனும் வாயில் வைத்தாலன்றி உறங்காத பிள்ளைக்குப் போத்தலிலே கொதித்தாறிய வெறும் தண்ணீரே கொடுங்கள். மூன்று நான்கு இரவுகள் அழும். வீட்டார் எல்லாரும் ஒரு மனப்பட்டு நின்றால் பிறகு மறந்துவிடும். தாய் மறுத்ததை அம்மம்மா இரகசியமாகக் கொடுக்கும் வீட்டில் மாத்திரம் அழுகை மாதக்கணக்கில் நீளும்.

பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்ற கேள்விக்கு விடை இந்த மட்டக்களப்பு வாவிக்கரையிலேயே மலிந்திருக்கிறது. நமது எருமைத் தயிரைப் பாணியில்லாமற் சோற்றோடு பிசைந்து தீத்தலாம். வாழைப்பழம், பப்பாசி, அவித்த சோளம், அவித்த கடலை, முள் நீக்கிய மீன் என்று எத்தனையோ உண்டு. தாகத்துக்குத் தண்ணீரே போதும். கடையிலே தொங்கும் சிறு பைக்கற்றுகளும், சீனிப் பாகு நடுவில் வைத்த விசுக்கோத்தும் பசியாற்றுவன அல்ல; பசியைக் கெடுப்பன. பொங்கலையும் பெருநாளையும் நத்தாரையும் இனிப்பில்லாமற் கொண்டாடச் சொல்ல நான் வரவில்லை. வட்டிலப்பமும் பலகாரமும் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கப்படட்டும். அதன்பின் வாய் ஓய்ந்திருக்கட்டும். மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்டவேண்டும் என்று 2016இல் அரசாங்கம் விதித்தது; சிவப்பு வட்டத்தைக் கண்டபின்னும் அதைப் பிள்ளையின் கையிற் கொடுக்க மனம் வருமோ?

முதற்பல் முளைத்தவுடன் நம்மவர் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பர். தேங்காய்ச் சொட்டுகளைப் பல்லுப்போல நறுக்கிப் பதித்த கொழுக்கட்டைகளைப் பிள்ளையின் தலையிற் கொட்டி, புத்தகம், பேனை, நகை என்பனவற்றை முன்னே பரப்பி, எதை எடுக்கிறது என்று பார்த்து மகிழ்வர். வெகு அழகான வழக்கம். பல் முளைப்பதை ஒரு மங்கலமாகக் கருதிய சமூகம் அப்பல்லைப் பேணும் கடமையையும் அன்றே தொடங்குவது எளிது. அந்தத் தட்டிலே ஒரு சிறிய பிரஷையும் வையுங்கள் என்று நான் கிராமந்தோறும் வேண்டிக்கொள்கிறேன். பிள்ளை அதை எடுக்கிறதோ இல்லையோ, அன்றிரவு தாய் அதை எடுக்கவேண்டும்.

துலக்கும் முறை இது. பிள்ளையின் தலையை மடியில் வைத்து, பின்புறமிருந்து குனிந்து, ஒரு விரலால் மேலுதட்டை உயர்த்திக்கொண்டு, முரசும் பல்லும் சந்திக்கும் ஓரத்தை மெதுவாகத் துலக்குக. மூன்று வயதுவரை ஓர் அரிசிமணி அளவு பற்பசை போதும்; மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்திற் காட்டுவதுபோலப் பிரஷின் நீளம் முழுதும் பிதுக்க வேண்டியதில்லை. காலையில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் துலக்குக. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் இரவை விடாதீர்கள். நுரையைத் துப்பச் செய்து, தண்ணீர் விட்டு அலம்பாமல் விடுக. பிள்ளை தானே துலக்குகிறேன் என்று பிரஷைப் பறிக்கும், பறிக்கட்டும், அது முடித்தபின் தாய் ஒரு முறை துலக்குக. ஏழெட்டு வயதுவரை சிறு பிள்ளையின் கைக்கு அந்தத் திறமை வராது.

பற்பசையிலே புளோரைட் இருத்தல் அவசியம். பெட்டியில் 1000 பீபீஎம் அல்லது அதற்கு மேல் என்று அச்சிடப்பட்டிருக்கும். இப்பொருளின் வரலாறு விநோதமானது. 1901இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக்குத் தொழில் செய்யப் போன மக்கே என்னும் இளம் பல் வைத்தியர், அவ்வூரவரின் பற்கள் கபில நிறக் கறை படிந்திருந்தும் சூத்தையால் அதிகம் பீடிக்கப்படாதிருப்பதைக் கண்டு, முப்பது ஆண்டுகள் அதன் காரணத்தைத் தேடியலைந்தார். 1931இல் நீரிலுள்ள புளோரைட்டே காரணம் என்று வெளியாயிற்று. மிகினும் குற்றம், குறையினும் குற்றம் என்ற இந்த இயல்பு நமக்குப் புதிதன்று. அநுராதபுரம், பொலன்னறுவை முதலிய வறண்ட பிரதேசங்களின் நிலத்தடி நீரில் புளோரைட் மிகுந்து, பிள்ளைகளின் நிலைப்பற்களிற் புள்ளியும் கறையும் படிவதைக் காண்கிறோம். ஆகையால் உட்பகுதிக் கிராமங்களிற் குழாய்க்கிணற்று நீர் பருகுவோர் அதனைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாயிலாகப் பரிசோதித்துக்கொள்வது நலம். எவ்விடத்தவராயினும் பற்பசையின் அளவைக் கண்டிப்பாகக் காத்து, பிள்ளை அதை விழுங்காமற் பார்த்துக்கொள்ள வேண்டும். உமிக்கரியும் சாம்பலும் செங்கட்டித் தூளும் பாற்பல்லின் மெல்லிய மிளிரியைத் தேய்க்குமேயன்றிக் காக்கமாட்டா. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் பெரியவர்கள் கைக்கொள்ளும் மிஸ்வாக் என்னும் பற்குச்சி வழக்கம் நல்லதோர் ஒழுக்கம். சிசுக்களின் வாய்க்கு மாத்திரம் மிருதுவான பிரஷே பொருந்தும்.

கருவுற்ற தாய்மாருக்கு ஒரு வார்த்தை. சூத்தைக் கிருமிகள் பிள்ளையோடு பிறப்பனவல்ல. பெரும்பாலும் தாயின் வாயிலிருந்தே, அவள் சுவைபார்த்த கரண்டி வழியாகவும் மென்று ஊட்டும் உணவு வழியாகவும் பிள்ளையை அடைகின்றன. தாயின் பற்களைச் செப்பஞ்செய்வது பிள்ளைக்குச் செய்யும் முதல் உபகாரம். கர்ப்ப காலத்திற் பல் வைத்தியம் ஆகாது என்ற பயம் வீண். கிளினிக்கில் உங்களைப் பல் வைத்தியரிடம் அனுப்பினால் தவறாமற் போங்கள்.

இந்நாட்டில் இதற்கான அமைப்பு இல்லாமலில்லை. நியூசிலாந்து தேசம் 1921இல், பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பல் சிகிச்சை செய்யவென்றே பெண்களைப் பயிற்றத் தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் அத்தேசத்தின் உதவியோடு 1950களில் மகரகமையிலும் அவ்வாறான பயிற்சிக் கல்லூரி எழுந்தது. அங்கே பயின்றவர்களே இன்று நம் பாடசாலைகளில் உள்ள பற்சிகிச்சை நிலையங்களிற் கடமையாற்றுகிறார்கள். யுத்தமும் இடப்பெயர்வும் சுனாமியும் குலைத்த இப்பிரதேசத்தில் அந்தச் சேவை எல்லாக் கிராமங்களையும் ஒருபோல எட்டியிருக்கவில்லை. வாவியின் அக்கரையாகிய படுவான்கரையில் வாழும் தாய் ஒருத்தி பல் காட்டுவதற்கு வாவி கடந்து ஒருநாட் கூலியை இழந்து வரவேண்டியிருப்பதை அதிகாரிகள் மறக்கலாகாது. 2021இல் உலக சுகாதார சபையிலே வாய்ச் சுகாதாரத்துக்கான தீர்மானத்தை முன்மொழிந்த தேசம் இலங்கை. உலக சபையில் முன்னின்ற நாடு வவுணதீவிலும் வாகரையிலும் பின்நிற்பது முறையோ என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

வைத்தியர் வருமளவும் காத்திராமற் செய்யக்கூடிய காரியத்தை ஸ்கொட்லாந்து தேசம் செய்து காட்டியிருக்கிறது. முன்பள்ளிகளில் ஆசிரியைகளின் மேற்பார்வையில் நாள்தோறும் பிள்ளைகள் எல்லாரையும் பல் துலக்கச் செய்து, அதனோடு வேறு சில உதவிகளையும் சேர்த்தார்கள். அங்கே ஐந்து வயதுப் பிள்ளைகளிற் சூத்தையில்லாதவர்கள் 2003இல் நூற்றுக்கு 45 பேராயிருந்து, 2018இல் 71 பேராயினர். வேண்டியவை பிள்ளைக்கொரு பிரஷ், ஒன்றோடொன்று முட்டாமல் அவற்றை நிறுத்திவைக்க ஒரு தாங்கி, சிறிது பற்பசை, பத்து நிமிஷம். ஆசிரியைகளே, உங்களுக்குக் கிடைக்கும் வேதனம் எவ்வளவு சொற்பம் என்பதை அறிந்தே இதைக் கேட்கிறேன். பொருட்செலவை உங்கள் தலையிற் கட்டாமல் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கோயில், பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஏற்கவேண்டும்.

கடைசியாக, பழுது தொடங்கிவிட்ட பற்களைப் பற்றி. மாதம் ஒரு முறை வெளிச்சத்தில் வைத்துப் பிள்ளையின் மேலுதட்டை உயர்த்திப் பாருங்கள். ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போகும் நாளில் குடும்பநல மாதுவையும் பார்க்கச் சொல்லுங்கள். முரசோரத்தில் சுண்ணாம்புக் கோடுபோல வெண்மை தென்பட்டால் அதுவே முதற்குறி. அந்நிலையில் இராப்போத்தலை நிறுத்தி, புளோரைட் பூச்சும் இட்டால் பல் மீளும். குழி விழுந்தபின்னும் துளைகருவியின்றிச் செய்யும் சிகிச்சைகள் உண்டு. வெள்ளியும் புளோரைட்டும் கலந்த ஒரு திரவத்தை 2021இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. அதனைத் தடவினால் சூத்தை பரவாமல் நிற்கும், ஆனால் அவ்விடம் கறுத்துவிடும். கறுப்பைக் கண்டு மருந்து கெடுத்துவிட்டதென்று அஞ்சவேண்டாம். பாற்பற்களோடு இன்னொரு பல்லையும் கவனியுங்கள். ஆறு வயதளவிற் பாற்பற்களுக்கெல்லாம் பின்னே, எந்தப் பல்லும் விழாமலேயே, புதிதாக ஒரு கடைவாய்ப்பல் நான்கு மூலையிலும் முளைக்கும், அது நிலைப்பல். முன்னே ஒன்றும் விழாதபடியால் அதையும் பாற்பல்லென்றே எண்ணிப் பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். நாங்கள் பிடுங்க நேரும் நிலைப்பற்களில் அதுவே அதிகம். முதலாம் வகுப்புப் பிள்ளையின் பிரஷ் அந்தக் கடைசி மூலைவரை எட்டுகிறதா என்று பாருங்கள்; அதன் பள்ளங்களை அடைத்துப் பூசும் சிகிச்சை கிடைக்குமா என்று பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்திலே விசாரியுங்கள்.